வெள்ளைக்கரை ஹைட்ரேஞ்சியாவும் கோண்டாவில் கிணற்றுத் தண்ணியும்

எங்கள் விறாந்தையின் கிழக்கு மூலையில், ஒரு பிளாஸ்டிக் சாடிக்குள் நிற்கிற ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்தத் தையோடு ஐந்து வயது. பச்சை இலையைச் சுற்றி வெள்ளைக் கரை, வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது என்ன குரோட்டனோ?" என்றுதான். அடுத்த கேள்வி, "பூக்காதோ?" இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதற்கு முன் மூன்று கன்றுகளைக் கொன்றிருக்கிறேன். முதலாவது பதினொரு நாள் நின்றது. இரண்டாவது சோளகக் காற்று தொடங்கும்வரை. மூன்றாவது மஞ்சள் காமாலை வந்த பிள்ளை மாதிரி ஒன்றரை வருஷம் இழுபட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. நாலாவதுக்கு வந்தபோது, செய்வதற்குப் பிழை ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது நுவரெலியாவில். தபால் கந்தோர் வேலையில் அங்கே நாலு வருஷம் இருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசல் முழுக்க இந்தச் செடிதான், பந்து பந்தாக நீலம். ஒருவரும் தண்ணி ஊற்றிக் கண்டதில்லை, பசளை போட்டுக் கண்டதில்லை. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், வருஷம் முழுக்கச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவிலான குளிர், தேயிலைக்கு உகந்த புளிப்பு மண். ஜப்பானிலிருந்து வந்த செடிக்கு இதைவிட வேறு என்ன வேணும்? யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் பக்கம் வாருங்கள். சராசரி 27, 28 பாகை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணி.

ஆகவே முதல் விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஹைட்ரேஞ்சியாவைப் பூவுக்காக வாங்காதீர்கள். இந்தச் செடி பூமொட்டுப் பிடிக்க வேண்டுமென்றால், 18 பாகைக்குக் கீழே சில கிழமைகள் குளிர் தொடர்ந்து வேணும். மார்கழி விடியற்புறத்தில் நாங்கள் சால்வை போர்த்துகிற குளிர் எங்களுக்குக் காணும், செடிக்குக் காணாது. மலைநாட்டில் பூவோடு வாங்கி வந்து, "ஒருக்கால் பூத்தது, பிறகு பூக்கவேயில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் நடப்பது இதுதான். அங்கே பிடித்த மொட்டு இங்கே வந்து விரிந்தது, அத்தோடு சரி.

வெறும் பச்சை இலை ஹைட்ரேஞ்சியா பூக்காமல் நின்றால், ஏதோ காட்டுச்செடி மாதிரித்தான் இருக்கும். வெள்ளைக்கரை வகை அப்படியல்ல. பன்னிரண்டு மாதமும் இலையே காட்சி. இங்கே இந்த ஒரு வகைதான் பட்ட பாட்டுக்குப் பலன் தரும் என்பது என் தீர்மானம். இந்த இருநிற இலை வகைகளில் உலகம் முழுக்கப் பேர் போனது 'மரியேசி வரிகேற்றா'. 1870களில் ஜப்பானில் செடி சேகரிக்கப் போன சார்ல்ஸ் மரீஸ் என்ற ஆங்கிலேயரின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அதன் பூ பந்தாக இராது. தட்டையாக, நடுவில் பொடிப் பொடிப் பூக்களும் ஓரத்தில் சில பெரிய பூக்களும். நான் வாங்கியதும் அந்தச் சாயல்தான். ஆனால் விற்ற பெடியனுக்குப் பெயர் தெரியாது, "வெள்ளைக் கலர் இலை" என்றுதான் சொன்னான்.

கரையின் வடிவுக்கு ஒரு விலை இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சை உள்ள இடத்தில்தான் சமையல். வெள்ளைக்கரை சாப்பிட மட்டும் வருகிற விருந்தாளி. அதனால் இந்தச் செடி மற்றதைவிட மெதுவாகத்தான் வளரும், வெயில் பட்டால் கரைதான் முதலில் கருகும். வளரவில்லையே என்று பசளையை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அது பிறகு.

கன்று வாங்குகிற இடம். எங்கள் ஆட்கள் நுவரெலியாப் பக்கம் சுற்றுலா போனால் சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலைக் கும்பிட்டு, ஹக்கல பூங்காவையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்த வீதியோரத்தில் கன்றுகள் விற்பார்கள். பூத்து நிற்கிற பெரிய செடி கண்ணை இழுக்கும், அதை விட்டுவிடுங்கள். அரை முழ உயரம், மூன்று நாலு தண்டு, பூ இல்லாதது, அதை எடுங்கள். ஒவ்வொரு தண்டிலும் புது இலைகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் பச்சையும் மிச்சம் வெள்ளையும் என்று ஒழுங்காக வந்திருந்தால் நல்லது. முழு வெள்ளையாக மினுங்குகிற கன்று இங்கே ஒரு மாதம் தாங்காது.

ஐப்பசிக் கடைசிக்கும் தைக்கும் இடையில் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு கொண்டுவந்தால் வெக்கைக்குள் நேரே இறக்குகிற கணக்கு. பஸ்ஸின் சாமான் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, அடுப்புக்குள் வைத்த மாதிரி. ஈரக் கடதாசியால் வேர்ப்பக்கத்தைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல் ஒரு பூச்சாடியை மடியில் வைத்திருப்பது லேசான வேலையல்ல. நாலாவது கன்றுக்கு நான் அதைச் செய்தேன். வந்ததும் சாடி மாற்றவும் வேண்டாம், வெயில் காட்டவும் வேண்டாம். இரண்டு கிழமை வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். என் முதலாவது கன்று வந்த அடுத்த நாளே முற்றத்தில் நட்டதால்தான் பதினொரு நாளில் முடிந்தது.

நிலத்தில் நட வேண்டாம். எங்கள் செம்மண்ணுக்கு வெங்காயம் வரும், உருளைக்கிழங்கு வரும், புகையிலை வரும். புளிப்பு மண் கேட்கிற செடிக்கு அது ஒத்துவராது. சாடியில்தான் வைக்க வேணும். சாடியிலும் எங்கள் ஊரில் கனபேர் வைத்திருக்கிற சீமெந்துச் சாடி கூடாது. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பை முறித்துக்கொண்டே இருக்கும். மண்சாடி பரவாயில்லை, ஆனால் சோளகக் காற்றில் கெதியாகக் காய்ந்துவிடும். வடிவு பார்க்காமல் 12 அல்லது 14 அங்குலப் பிளாஸ்டிக் சாடி எடுங்கள். அடியில் ஓட்டை நல்லாய் இருக்க வேணும். ஓட்டைக்கு மேல் செங்கல் துண்டு போடலாம். கட்டட வேலையில் மிஞ்சின கொங்கிறீற் துண்டும், கடற்கரையில் பொறுக்கின முருகைக்கல்லும் போடக் கூடாது, எல்லாம் சுண்ணாம்பு.

உள்ளே நிரப்புகிறது இரண்டு பங்கு தும்புத் தூள், ஒரு பங்கு இலைமக்கு, ஒரு பங்கு பழைய உமியும் ஆற்று மணலும். தும்புத் தூளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று தரம் தண்ணி மாற்றுங்கள். இலைமக்குக்கு மாமரத்தின் கீழே கூட்டிக் குவித்து ஒரு மாரி நனைந்து கறுத்த இலை மிகத் திறம். உமியை எரித்துப் போடாதீர்கள், சாம்பல் காரம், புளிப்புக்கு நேர் எதிர். அதே காரணத்துக்காக அடுப்புச் சாம்பலும் கூடாது. றோசாவுக்குப் போடுகிற முட்டைக் கோதும் வேண்டாம், அதுவும் சுண்ணாம்புதான். எங்கள் வீட்டில் இது பெரிய சண்டை. மனிசி முட்டைக் கோதை எந்தச் சாடியைக் கண்டாலும் நொறுக்கிப் போடுகிற ஆள்.

இனித் தண்ணி. மற்றதெல்லாம் கொஞ்சம் பிசகினாலும் செடி மன்னிக்கும், இதை மன்னிக்காது.

உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருக்கிறதல்லவா? அந்தப் படைதான், கிணற்றுத் தண்ணி ஊற்றுகிற ஒவ்வொரு தரமும் சாடிக்குள் இறங்குகிறது. எவ்வளவு நல்ல புளிப்புக் கலவை போட்டாலும் சில மாதத்தில் அதைக் காரமாக்கிவிடும். மண் காரமானால், இரும்பு அதற்குள் இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. இரும்பு இல்லாமல் புது இலையில் பச்சையம் பிடிக்காது. மூன்றாவது கன்று செத்தது இதில்தான். கொடுமை என்னவென்றால், அது சாகிறதே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, இப்பதான் நிறம் வடிவா விட்டுக்கொண்டு வருது" என்றா. நானும் நம்பினேன்.

ஆகவே இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பிறவி வெள்ளைக்கு எல்லைக்கோடு இருக்கும். கரை இலையின் ஓரத்தில், பச்சையோடு சேருகிற இடம் வெட்டின மாதிரி நிற்கும். நோய் மஞ்சளுக்கு எல்லை இல்லை. நடுப்பச்சைக்குள்ளேயே, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நரம்புக்கு இடைப்பட்ட இடம் வெளிறும். அதுவும் நுனியில் இருக்கிற இளம் இலையில்தான் தொடங்கும். கீழே கிடக்கிற கிழட்டு இலை முழுதாக மஞ்சளித்தால் அது வேறு கதை. தண்ணி கூடிப்போயிருக்கலாம், அல்லது அந்த இலைக்கு வயது போயிருக்கலாம்.

மருந்து மழைத் தண்ணி. கணக்குப் பார்த்தால் பயப்படத் தேவையில்லை. என் செடி வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் குடிக்கிறது. மாரி முடிந்து அடுத்த மாரி வருமட்டும் 250 நாள் என்று வைத்தால் 375 லீற்றர். 200 லீற்றர்ப் பீப்பாய் இரண்டு காணும். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். பத்துச் சதுர மீற்றர் ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழே பீலி வைத்தால், ஐப்பசியில் 40 மில்லிமீற்றர் பெய்கிற ஒரே ஒரு நாளிலேயே இரண்டும் நிரம்பிவிடும். சீசனின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள், கூரையில் இருக்கிற தூசும் காக்கை எச்சமும் அதில் போகட்டும்.

"இஞ்சாருங்கோ, குடிக்கிற மனிசருக்குக் கிணத்துத் தண்ணி, உந்தச் செடிக்கு மட்டும் மழைத் தண்ணியோ?" என்று மனிசி கேட்டா. கேள்வியில் ஞாயம் இருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை, பீப்பாய்க்கு மூடி வாங்கினேன்.

மூடி முக்கியம். பீப்பாயின் வாயைக் கண் நெருக்கமான வலையால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் மூடி போடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் காணும். மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வருவார். அவர் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடிக்குக் கீழே வைக்கிற தட்டைத்தான். நான் தட்டு வைப்பதையே விட்டுவிட்டேன். வேருக்கும் அதுதான் நல்லது.

பீப்பாய்க்கு வசதியில்லாதவர்கள் வீட்டில் ஏசி இருந்தால், வெளியே சொட்டுகிற தண்ணியை வாளியில் பிடியுங்கள். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருகிற தண்ணி, அதில் சுண்ணாம்பு இல்லை. குடிதண்ணி வடிகட்டுகிற மெசினிலிருந்து கழிவாக வருகிற தண்ணியைத் தொடவும் வேண்டாம். கிணற்றில் இருந்த உப்பெல்லாம் திரண்டு அதில்தான் வரும். தேசிக்காய்ப் புளி சில துளி கலந்து கிணற்றுத் தண்ணியை ஊற்றிப் பார்த்தேன். அவசரத்துக்கு இரண்டு கிழமை சமாளிக்கலாம், பழக்கமாக்கக் கூடாது. ஏற்கனவே வெளிறின செடிக்கு, விவசாயச் சாமான் கடையில் 'கீலேற்' வகை இரும்பு என்று கேட்டு வாங்கி, பக்கெற்றில் போட்ட அளவுப்படி கரைத்துப் பின்னேரம் இலையில் தெளியுங்கள். தண்ணியை மாற்றாமல் இரும்பு மட்டும் தெளிப்பது ஓட்டை வாளியில் அள்ளுகிற வேலை.

தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு உவராக இருக்கிறவர்களுக்கு மழைத் தண்ணி ஒன்றுதான் வழி.

எப்போது ஊற்றுவது? விடிய. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு வேண்டாம். மத்தியானம் இலையெல்லாம் செத்த பாம்பு மாதிரித் தொங்கும். பதறாதீர்கள். பெரிய இலை, வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிடக் கூட ஆவியாகிறது, அவ்வளவுதான். பின்னேரம் ஐந்தரைக்குப் பாருங்கள், நிமிர்ந்து நிற்கும். மத்தியானம் வாடினதைக் கண்டு பரிதாபப்பட்டு ஊற்றி ஊற்றித்தான் கனபேர் வேரை அழுக வைக்கிறார்கள். பின்னேரமும் நிமிராவிட்டால் மாத்திரம் விரலை விட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வெயில் காலையில் ஒன்பது மணிவரைக்கும் போதும். கிழக்கு விறாந்தை, அல்லது மாமரத்தின் கீழ் கிழக்குப் பக்கம். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம், அதுவும் சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவரென்றால் வெக்கையைத் திருப்பி எறியும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் சோளகம். இரண்டாவது கன்றை அந்தக் காற்றுத்தான் கொண்டுபோனது. வெயில் படாத இடத்தில்தான் வைத்திருந்தேன், ஆனால் காற்று நேரே அடிக்கிற இடம். மூன்று நாளில் இலை ஓரமெல்லாம் பப்படம் மாதிரி நொறுங்கியது. இப்போது தெற்குப் பக்கமாக ஒரு கிடுகைத் தட்டியாகக் கட்டிவிடுகிறேன். நிழல் வலையும் கட்டலாம். கிடுகுக்குள்ளால் கொஞ்சம் காற்றுப் போய்வரும், அது எனக்குப் பிடிக்கும்.

கத்தரிக்கோலை எப்போது எடுப்பது என்பதிலும் இந்த வகைக்குத் தனிச் சட்டம் உண்டு. எங்கேயாவது ஒரு தண்டு முழுப் பச்சை இலையோடு கிளம்பும். கொழுகொழு என்று, மற்றத் தண்டுகளைவிட உயரமாக. "அட, நல்லாய் வளருதே" என்று நான் விட்டுவைத்தேன். நாலு மாதத்தில் பாதிச் செடி பச்சை. பச்சைத் தண்டின் சமையற்கட்டு பெரிது, அதனால் பலமும் கூட. விட்டால் கரைத் தண்டுகளை நெருக்கிவிடும். கண்ட அன்றே அது கிளம்பின அடியிலேயே வெட்டுங்கள், பாதியில் வெட்டினால் திரும்பப் பச்சைதான் வரும். முழு வெள்ளைத் தண்டு வந்தாலும் வெட்டத்தான் வேணும், அது தனக்கே சோறு தேடமாட்டாது. மற்றபடி நீளமாய்ப் போன தண்டுகளை மாரி தொடங்கும்போது இரண்டு கணு விட்டுக் கட்டையாக்குங்கள். மலைநாட்டில் பூவுக்காக வளர்ப்பவர்கள் இப்படிக் கண்டபடி வெட்ட ஏலாது, போன வருஷத் தண்டில்தான் பூ வரும். பூ இல்லாத எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பசளை குறைவாகவே. ஒரு வருஷம் காய்ந்த மாட்டெரு ஒரு சிறங்கை, மூன்று மாதத்துக்கு ஒருக்கால். யூரியா வேண்டாம், தழைச்சத்துக் கூடினால் இலை சதைத்து, பூச்சியைத் தானே கூப்பிடும். தோட்டக் காணிகளை ஒட்டின கிணறுகளில் பசளை ஊறி ஏற்கனவே நைத்திரேற்று இருக்கிறது. கிணற்றுத் தண்ணி ஊற்றுகிறவர் தெரியாமலே பசளையும் போடுகிறார். தேயிலைச் சக்கை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சீனியும் பாலும் சேராததென்றால் போடலாம், மக்கி மண்ணாகும். அது மண்ணைப் புளிப்பாக்கும் என்று நம்பிக் கிணற்றுத் தண்ணி ஊற்றாதீர்கள்.

சீனக்காரம் போட்டால் பூ நீலமாகும் என்பதும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், நீலத்துக்குக் காரணம் அலுமினியம்; புளிப்பு மண்ணில் அது கரைந்து செடிக்குள் போகும், கார மண்ணில் போகாது, பூ ரோஸ் நிறமாக நிற்கும். பூவே இல்லாத செடிக்குச் சீனக்காரம் எதற்கு?

பூச்சி பற்றிப் பெரிதாக இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் இலையின் பின்பக்கம் சிற்றுண்ணி வரும். மணல் தூவின மாதிரிப் புள்ளி தெரியும். இலையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தண்ணியால் கழுவினாலே அரைவாசி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும், வெயில் தாழ்ந்த பிறகு. மாரியில் நத்தை. இரவு ரோர்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான். ஆடு வளர்க்கிறவர்கள் மட்டும் கவனம்: இந்தச் செடியில் சயனைட்டை உண்டாக்கக்கூடிய பொருள் இருக்கிறது. எங்கள் ஆடு ஒருக்கால் கயிற்றை அறுத்து வந்து இரண்டு இலை தின்றது. அன்று இரவு முழுக்கக் கொட்டிலில் இருந்தேன். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் தடிமன்.

இனித் தண்டு வெட்டிக் கன்று எடுக்கிற விஷயம். இந்தக் கரை விதையில் இறங்காது, தண்டில்தான் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் நல்ல கரை உள்ள, பென்சில் தடிப்புத் தண்டு பார்த்து ஐந்து அங்குலத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை விட்டு மிச்சத்தைக் கழற்றுங்கள். அந்த இரண்டையும் குறுக்கே பாதியாக வெட்டிவிடுங்கள், வேர் இல்லாத நேரத்தில் ஆவியாகிப் போகிற தண்ணியைக் குறைக்க. கழுவின தும்புத் தூளும் மணலும் சம பங்கு, யோகட் கப் ஒன்று, அடியில் ஓட்டை. மேலே அடி வெட்டின சோடாப் போத்தலைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருக்கால் போத்தலின் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். மூன்று நாலு கிழமையில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடி தெரியும். வெள்ளைக்கரையில் பச்சை வகையைவிடத் தவறுவது கூட. பத்து வைத்தால் எனக்கு ஐந்து, ஆறு வரும்.

போன மாரியில் வந்ததில் இரண்டை வேலிக்கு மேலால் மாமிக்குக் கொடுத்தேன். மழைத் தண்ணிதான் ஊற்ற வேணும், சீமெந்துச் சாடி கூடாது, முட்டைக் கோது கூடாது என்று எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று எட்டிப் பார்த்தால் இரண்டும் சீமெந்துச் சாடிக்குள் கிணற்றடியில் நிற்கின்றன, இலை நுனி இன்னும் வெளிறவில்லை. "என்ன தம்பி பாக்கிறாய், நல்லாத்தானே நிக்குது" என்கிறா. ஆவணிக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.